பிடிவாதக்காரியின் தழும்புகள்

ஓஸோரியோவின் விலை நாற்பது லட்சம் ரெயால். விலை வைத்தவள் அவன் மனைவி.

துப்பறியும் நஸீரா குஃபூரிக்குத் தொகை உறுத்தவில்லை. அதைச் சொன்ன விதம்தான் உறுத்தியது. அவளுடைய தாத்தா லெபனானிலிருந்து வந்து இந்தக் கரும்புக் காட்டு ஊர்களில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகத் துணி விற்றவர். அப்பா கடை போட்டார். நஸீரா கல்லாவுக்குப் பின்னால் துணிக்கட்டின் மேல் தூங்கி வளர்ந்தவள். நிஜமான விலையைச் சொல்கிற குரல் எங்கேயாவது ஓரிடத்தில் இடறும், எதிராளியின் முகத்தைப் பார்த்து ஏறலாமா இறங்கலாமா என்று யோசிக்கும். இவோனி தமாஷிரோ ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். கடையைக் காலி செய்கிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

"என் புருஷன் எங்க ஈஸ்ட்டை வித்துட்டான், டோனா நஸீரா. போட்டிக் கம்பெனி ஒண்ணு முன்னாடி எங்ககிட்டயே கேட்ட விலை அது. நாளைக்கு மத்தியானம் வக்கீல் புகாரோட வர்றார். நான் கையெழுத்துப் போட்டா ஓஸோரியோ ஜெயிலுக்குப் போவான். போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். யார்கிட்ட வித்தான்?"

"வித்தது நிச்சயமா?"

"அவனே ஒத்துக்கிட்டானே."

"வித்தேன்னு ஒத்துக்கிட்டானா?"

இவோனி கொஞ்சம் தயங்கினாள். "குழாயை மாத்திக் கொடுத்துட்டேன்னு. போன வருஷம் ஆலையில சோதனை தோத்ததும், அங்க அனுப்ப வேண்டிய குழாய்க்குப் பதிலா ரொட்டிக் கடை ஈஸ்ட் இருந்த குழாயைத் தவறுதலா அனுப்பிட்டேன், சரியானதைக் கழுவி ஊத்திட்டேன்னு டைரக்டர்கிட்ட சொன்னான். பதினாறு வருஷமா ஒரு குழாயைத் தப்பா எடுக்காதவன். யார் நம்புவா?"

"நீங்க நம்பலே."

"நான் அவன் பெண்டாட்டி. எனக்குத் தெரியாதா?"

வார்ஜெம் கிளாரா ஊருக்கு வெளியே, கரும்புக்கு நடுவே நின்ற அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் நஸீராவின் உதவியாளன் வால்டெசிர். சுழலும் நாற்காலி ஒன்றைக் கண்டுபிடித்து, அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம் என்று சுற்றிக்கொண்டிருந்தான்.

"முதலாளியம்மா, ஒரு ஈஸ்ட்டுக்கு நாப்பது லட்சம்னா எங்க வீட்டு மாவுப் பானையை நான் இத்தனை நாள் பூட்டாம வெச்சிருக்கேன்."

"உன் வீட்டு மாவு புளிக்க மட்டும்தான் செய்யும். நீங்க சொல்லுங்க டாக்டர், உங்களோடது அப்படி என்ன செய்யும்?"

இவோனியின் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று அசைந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் தெய்மோஸா. பிடிவாதக்காரி என்று அர்த்தம். சாதாரண ஈஸ்ட் கரும்புச் சாற்றின் இனிப்பைத் தின்று சாராயமாக்கும். சக்கையில் சிக்கியிருக்கும் சர்க்கரையைத் தொடாது. தெய்மோஸா அதையும் தின்றாள். அதற்காக அவளுக்குள் மரபணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக, வருஷக்கணக்கில் வைத்துத் தைத்திருந்தார்கள் புருஷனும் பெண்டாட்டியும். கடைசியாகக் கடும் சூட்டைத் தாங்கும் மரபணு ஒன்றையும் வைத்தார்கள்.

"ஒரு சொட்டுல கோடி ஈஸ்ட் இருக்கும். நாம வைக்கிற மரபணுவை லட்சத்துல ஒண்ணுதான் ஏத்துக்கும். அந்த ஒண்ணை எப்படிப் பிடிக்கிறது? மரபணுவோட ஒரு கேடயத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புவோம். விஷத்தைத் தாங்குற கேடயம். அப்புறம் விஷத்தை ஊத்தினா, பிழைச்சது எதுவோ அதுதான் நம்ம ஆள்."

"அடுத்த மரபணுவுக்கு?"

"அதுதான் சிக்கல். கேடயத்தோட இருக்கிறவளுக்கு மறுபடி அதே விஷத்தை ஊத்தினா எல்லாமே பிழைக்கும். யாரையும் பிரிக்க முடியாது. கேடயமோ நம்மகிட்ட ரெண்டு மூணு வகைதான். அதனால கேடயத்தோட ரெண்டு முனையிலயும் ஒரு அடையாளம் வெச்சிருப்போம். வேலை முடிஞ்சதும் அந்த அடையாளத்தை மட்டும் தேடி வெட்டுற ஒரு கத்தரியை உள்ள அனுப்புவோம். கேடயம் கழண்டு விழுந்துடும். பழையபடி விஷத்துக்குப் பயப்படுற ஈஸ்ட். அதே கேடயத்தை அடுத்த மரபணுவுக்குக் கட்டலாம்."

வால்டெசிர் சுற்றுவதை நிறுத்தினான். "பீர் பாட்டில். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அடுத்த பீர் தருவான் பார்க்காரன். ஒரே பாட்டிலை வெச்சே எங்க மாமனார் இருபது வருஷம் ஓட்டினார்."

"அதேதான்," என்றாள் இவோனி. "ஆனா பாட்டில் வெச்ச இடத்துல மேஜையில ஒரு வளையம் விழுமே, அது மாதிரி ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் ஒரு அடையாளம் மட்டும் உள்ளயே தங்கிடும். தழும்புன்னு சொல்லுவோம்."

"கத்தரி எப்படி வேலை செய்யும்?" என்றாள் நஸீரா.

"ஒரு தனி சர்க்கரையைக் குடுவையில போட்டா கத்தரி முழிச்சுக்கும். ரெண்டு மணி நேரம். அப்புறம் நிறுத்திடணும்."

"நிறுத்தலேன்னா?"

"நிறுத்திடுவோம்," என்றாள் இவோனி, கதவைச் சாத்துகிற மாதிரி.

*

புதன்கிழமைச் சந்தை தேவாலயத்துக்குப் பின்தெருவில். மாம்பழம், மரவள்ளி, காலுறை, கைப்பேசி உறை எல்லாவற்றையும் தாண்டி, கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாவுக்குள் சீஸ் வைத்துப் பொரித்து விற்கும் ஒரு பாஸ்டெல் கடை. நீல வலைத்தொப்பியில் ஓஸோரியோ ஸனேட்டி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஐம்பது வயது. எண்ணெய் தெறித்த புள்ளிகள் முழங்கை வரை.

"நாப்பது லட்சத்தை வெச்சுக்கிட்டு இந்த வெயில்ல பலகாரம் பொரிக்கிறான்னா, முதலாளியம்மா, ஆள் பெரிய நடிகன்," என்று முணுமுணுத்தான் வால்டெசிர்.

"வாயை மூடு. ரெண்டு சீஸ் பாஸ்டெல் சொல்லு."

ஓஸோரியோ மாவை மடித்து ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினான். அழுத்திய பல்வரிசை தையல் மிஷினில் தைத்த மாதிரி இருந்தது. புதிய எண்ணெய் பாட்டிலைத் திறந்தபோது மூடியை மேஜையில் வைக்கவில்லை. சுண்டுவிரலை மடக்கி மூடியை அதற்குள் பிடித்துக்கொண்டே ஊற்றினான். மூடியில் தூசி படக்கூடாது, காற்றில் கிருமி இருக்கிறது என்று பதினாறு வருஷம் கையைப் பழக்கியவனின் வழக்கம். சந்தையில் பறக்கும் புழுதிக்கு நடுவே அந்தச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் ஆராய்ச்சிக் கூடத்திலேயே இருந்தது.

"தவறுதலா குழாய் மாத்தினவர் நீங்கதானே?" என்றாள்.

அவன் நிமிரவில்லை. "இவோனி அனுப்பினாளா?"

"கூலி அவங்களோடது. கால் என்னோடது."

பக்கத்தில் காசு வாங்கிக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். வடகிழக்குச் சீமையின் இழுத்துப் பேசும் பேச்சு, முப்பத்தைந்து இருக்கலாம். மேலங்கியை மீறிக்கொண்டு வயிறு தெரிந்தது. "என்ன பெரியம்மா, பாஸ்டெல் வேணுமா, விசாரணை வேணுமா? விசாரணைன்னா வரிசை அந்தப் பக்கம், போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கும்."

"மர்லூசியா, விடு," என்றான் ஓஸோரியோ.

"விட்டுட்டுதானே இருக்கேன். ஒரு வருஷமா விட்டுக்கிட்டே இருக்கேன்." சொல்லிக்கொண்டே தோளிலிருந்த துணியால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள், சட்டியில் சொட்டிவிடாதபடி. அவன் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான். ரொம்ப நாள் பழகிய தலை தாழ்த்தல். நஸீரா பார்வையைப் பாஸ்டெல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரியான குழாய் எங்கே?"

"கழுவி ஊத்திட்டேன். சாக்கடைக்குப் போயிருச்சு."

"சாக்கடை என்ன விலை கொடுத்துச்சு?"

"நான் விக்கலே. வித்திருந்தா இவ காலுக்கு வீக்கம் வந்தும் நிக்க வெச்சிருப்பேனா?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நாளைக்கு மத்தியானம் உங்க பேர்ல புகார் போகுது. திருட்டு. வித்தது யார்கிட்டன்னு தெரியலேன்னாலும் போகும். உள்ள போயிருவீங்க."

முள்கரண்டி நின்றது. ஓஸோரியோ முதலில் மர்லூசியாவின் முகத்தைப் பார்த்தான், பிறகு வயிற்றை. அவள் யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணெய் இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது.

"போகட்டும்," என்றான் மெதுவாக. "கையெழுத்துப் போடட்டும். அவளுக்கு அதுல ஒரு நிம்மதி வரும்னா போடட்டும். உங்களை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தக் குடுவையைப் பத்தி மட்டும் அவகிட்ட எதுவும் கேக்காதீங்க."

நஸீராவின் கையிலிருந்த பாஸ்டெல் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. உள்ளேயிருந்த சீஸ் நூலாக நீண்டு முழங்கையில் ஒட்டிக்கொண்டது.

"சரி," என்றாள். "சாப்பாடு நல்லாயிருக்கு. கொஞ்சம் உப்பு குறையலாம்."

*

பழைய ஃபியட் வண்டி வெயிலில் சுட்டது. எங்கேயோ கரும்புத் தோகை எரிந்து, கரித்துகள் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.

"நான் எதைப் பத்திக் கேட்டேன்?" என்றாள் நஸீரா.

"குழாய். ரெண்டு தடவை குழாய். ஒரு தடவை சாக்கடை."

"அவன் எதைப் பத்திக் கேக்காதேன்னான்?"

"குடுவை." வால்டெசிர் கியர் மாற்ற மறந்தான். வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. "நாம குடுவைன்னு பேச்சே எடுக்கலையே."

"ஊர்ல ஒருத்தன் சட்டைத்துணியைத் திருடினதா ஒத்துக்கிட்டு, 'பாவாடைத்துணியைப் பத்தி மட்டும் பேசாதீங்க'ன்னா என்ன அர்த்தம்?"

"பாவாடை வேற யாரோடதோன்னு அர்த்தம்."

நஸீரா கண்ணாடியில் உட்கார்ந்த கரித்துகளைப் பார்த்தாள். வால்டெசிருக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. அவன் தன் செருப்பைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தான். முந்தின நாள் இவோனி போனில் கூப்பிட்டதுமே நஸீரா அவனை ஆலைக்கு அனுப்பியிருந்தாள், தெய்மோஸா தோற்றுப்போன அந்தச் சோதனை நாளில் தொட்டியடியில் நின்ற மேஸ்திரியிடம் பேச்சுக் கொடுக்கச் சொல்லி. "அந்தாளு ஒரு மணி நேரம் தன் பூட்ஸைப் பத்தியே பேசினார். சோதனை அன்னைக்கு மத்தியானம் குளிர்தண்ணி பம்பு நின்னுபோச்சாம். நாப்பது டிகிரி. பக்கத்துத் தொட்டியில இருந்த ஆலையோட ஈஸ்ட் எல்லாம் செத்து மிதந்துச்சாம். நம்ம தொட்டி மட்டும் பொங்கி நுரையா வழிஞ்சு அவர் பூட்ஸ்ல போயிருச்சாம். இத்தனை உயிரா இருக்கு, ஆனா சக்கைச் சர்க்கரை அப்படியே கிடக்கு, இது என்ன பிழைப்புன்னு கேக்கறார். நானும் என் செருப்பைக் காட்டி..."

"நிறுத்து."

"சரி, செருப்பைப் பத்திப் பேசலே."

"வண்டியை நிறுத்துடா."

நிறுத்தினான். இருபக்கமும் ஆள் உயரக் கரும்பு.

"குழாயில இருந்தது ரொட்டிக் கடை ஈஸ்ட்டா இருந்தா நாப்பது டிகிரியில என்ன ஆகியிருக்கணும்?"

"பக்கத்துத் தொட்டிக்காரங்களோட சேர்ந்து மிதந்திருக்கணும்."

"மிதக்கலே. சூட்டைத் தாங்கியிருக்கு. சூட்டைத் தாங்குற மரபணு உலகத்துல யார்கிட்ட இருந்துச்சு?"

"தெய்மோஸாகிட்ட." வால்டெசிரின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப போனது சரியான குழாய்தான். அவன் எதையும் மாத்தலே. எதையும் கழுவலே. எதையும் விக்கலே."

"ஆனா சக்கைச் சர்க்கரையைத் தொடலே. கடைசியா கத்துக்கிட்டது நினைவிருக்கு, முன்னாடி கத்துக்கிட்டது மறந்துபோச்சு. இத்தனை படிச்சவங்க இருக்கிற இடத்துல இதை ஏன் யாரும் கேக்கலே தெரியுமா? ஒருத்தன் முந்திக்கிட்டு நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் யார் மூட்டையைப் பிரிச்சுப் பார்க்கப் போறா?"

"செய்யாததை ஏன் செஞ்சேன்னு சொல்றான்?"

நஸீரா கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான ஆண்கள் எதற்காகப் பொய் சொல்வார்கள் என்பதற்கு அவளிடம் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. இருபத்தைந்து வருஷத் தொழிலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இல்லாத காரணம் ஒன்று இப்போது மெல்ல உருவம் எடுத்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இப்படியே அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்விடலாம். வாங்கினது யாரென்று தெரியவில்லை என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இவோனி கோபத்தோடு இருப்பாள், ஆனால் நிமிர்ந்து இருப்பாள். ஓஸோரியோ ஜெயிலில் இருப்பான். மர்லூசியா வீங்கின காலோடு மனு எழுதிக்கொண்டு அலைவாள்.

"வண்டியைத் திருப்பு," என்றாள். "ஆராய்ச்சிக் கூடத்துக்கு."

*

இவோனி சிரித்தாள். சந்தோஷமில்லாத சிரிப்பு. "அந்தத் தோத்துப்போன குழாயைச் சோதிக்கணுமா? ரொட்டிக் கடை ஈஸ்ட்டுன்னு அவனே சொல்லியாச்சே."

"நீங்க ஒரு தடவைகூடப் பார்க்கலையா?"

"பார்த்து? அவன் மூஞ்சியா அதுல தெரியப் போகுது?"

"என் திருப்திக்கு. நீங்களே உங்க கையால செய்யுங்க. வேற யாரையும் நான் நம்பமாட்டேன்."

செய்வதற்கு வழி இருந்தது. சக்கைச் சர்க்கரையைத் தின்னும் மரபணுவின் இரண்டு பக்கமும் பழைய தழும்பு ஒவ்வொன்று உண்டு. அந்த இடத்தை மட்டும் பல லட்சம் நகலாகப் பெருக்கி, கூழ்த்தட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கோடாகத் தெரியும். பெரிய துண்டு நகர முடியாமல் மேலேயே நிற்கும். சின்னது கீழே ஓடிவிடும்.

"நல்ல தெய்மோஸான்னா?"

"கோடு மேல நிக்கும். கடைசி மரபணு வைக்கிறதுக்கு முந்தின தெய்மோஸா ஃப்ரீசர்ல இருக்கா. அவளையும் பக்கத்துல ஓட்டறேன், ஒப்பிட்டுக்குங்க."

"ரொட்டிக் கடை ஈஸ்ட்டுன்னா?"

"கோடே வராது. அதுதான் வராதுன்னு சொல்றேனே."

"கோடு கீழ வந்தா?"

இவோனி கையுறையை இழுத்துவிட்டாள். "கீழ வராது."

வேலை மாலை வரை இழுத்தது. வால்டெசிர் போய் சீஸ் ரொட்டியும் காபியும் வாங்கி வந்தான். ஆராய்ச்சிக் கூடத்துக்குள் சாப்பிடக்கூடாது என்று துரத்தப்பட்டு, வராந்தாவில் நின்று மூன்று பேர் பங்கையும் தானே தின்றான். நஸீரா இவோனியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் மூடி சுண்டுவிரலுக்குள் போய் உட்கார்ந்தது. இருவரும் ஒரே மேஜையில் நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிய கை.

ஒருமுறை, "போதும், விட்டுடலாம்," என்று வாய் வரை வந்துவிட்டது நஸீராவுக்கு. வராந்தாவிலிருந்து வால்டெசிர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்றா, வேறு வழியில்லை என்றா, புரியவில்லை.

இவோனி விளக்கைப் போட்டாள். ஆரஞ்சு ஒளியில் கூழ்த்தட்டு மினுங்கியது.

முந்தின தெய்மோஸாவின் கோடு மேலே, தடிப்பாக நின்றது.

தோற்ற குழாயின் கோடு அடியில் கிடந்தது. சின்னதாக, தெளிவாக, தட்டை விட்டு இறங்கிப் போகப் போகிற மாதிரி.

இவோனி தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். குழாயின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு வால்டெசிர் காலையில் சுற்றிக்கொண்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி லேசாகத் திரும்பி அவளைச் சுவர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

"இது தெய்மோஸாதான்," என்றாள் சுவரிடம். "ரெண்டு பழைய தழும்பும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிச்சு. நடுவுல இருந்தது எல்லாம் விழுந்துடுச்சு. சர்க்கரை திங்கிற மரபணு. கத்தரிக்குப் புதுசு பழசு தெரியாது. கேடயத்தோட ரெண்டு முனையும் அதுக்கு ஒண்ணுதான், பத்து வருஷத்துக்கு முந்தின தழும்பும் ஒண்ணுதான்."

"எப்ப அப்படி ஆகும்?"

"கத்தரியை நிறுத்தாம விட்டா."

"ரெண்டு மணி நேரத்துல நிறுத்திடுவோம்னீங்க."

"நிறுத்தினோம். கடைசித் தடவை நான்தான் வெச்சேன். கார்னிவல் பண்டிகை லீவு ஆரம்பிச்ச வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குச் சர்க்கரை போட்டேன். ஆறு மணிக்கு எடுக்கணும். அஞ்சு மணிக்கு காம்போ கிராண்டேயிலிருந்து தங்கச்சி கூப்பிட்டா. அப்பா போயிட்டாருன்னு."

வால்டெசிர் உள்ளே வந்து கதவோரம் நின்றான். இந்த முறை அவன் வாயில் எதுவும் இல்லை.

"ஓஸோரியோ ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினான். நடு வழியில எனக்குக் குடுவை ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போலாம்னு கத்தினேன். அப்பா அங்க படுத்திருக்கார், நான் குடுவைக்காகத் திரும்பிப் போகணும்னு கத்தறேன். அவன், 'கிளம்பறதுக்கு முன்னாடியே நான் எடுத்து ஐஸ்ல வெச்சுட்டேன், நீ தூங்கு'ன்னான். நான் தூங்கினேன். அவன் எடுத்தான். அவன் எப்பவும் எடுத்துடுவான்."

நஸீரா கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். அவள் தொழிலில் மிகச் சின்னக் கேள்விகள்தான் மிகவும் கனக்கும். "அன்னைக்கு இந்தக் கதவைப் பூட்டினது யாரு?"

"நான்தான். போன் வந்ததும் விளக்கை அணைச்சு, பூட்டி, சாவியை..." இவோனியின் கை, இல்லாத சாவி ஒன்றைக் காற்றில் திருகியது. திருகிய இடத்திலேயே நின்றுவிட்டது. "அவன் கீழ இருந்தான். நான் இறங்கி வரும்போது வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மேல வரவே இல்லை."

கூழ்த்தட்டின் விளக்கு முனகிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை.

"விடுமுறை முடிஞ்சு முதல் ஆளா அவன்தான் இங்க வந்தான்," என்றாள் இவோனி. "நான் அப்பா துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டு ரெண்டு நாள் கழிச்சு வந்தேன். குடுவை ஐஸ்ல இருந்துச்சு. அஞ்சு நாள் ஓடினதை நிறுத்தி, வெச்சிருக்கான். ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நம்பியிருப்பான். நான் அதுல இருந்துதான் எடுத்தேன். ஆலைக்காரங்க தேதி குறிச்சுட்டாங்க, சர்க்கரைச் சோதனைக்கு நேரமில்லேன்னு நான்தான் அவசரப்பட்டேன். தொட்டியில அவ உயிரோட இருந்துக்கிட்டுத் திங்காம கிடந்தப்பவே அவனுக்குப் புரிஞ்சிருக்கும். உடனே டைரக்டர் ரூமுக்குப் போயிட்டான்."

"நீங்க இதைக் கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு," என்றாள் நஸீரா. "அப்பா செத்த நாளும் இந்தத் தப்பும் உங்க மனசுல ஒரே இடத்துல சேர்ந்துடக் கூடாதுன்னு. குடுவையைப் பத்திக் கேக்காதீங்கன்னு என்கிட்ட காலையில கெஞ்சினான். அதுதான் அவனைக் காட்டிக்கொடுத்துச்சு."

வெளியே கூடத்தின் காவலாளி யாருடனோ கால்பந்து பேசிக்கொண்டு போனான். இவோனி துடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்தாள், கண்ணைத் துடைக்கவில்லை, மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"எப்படி இருக்கான்?"

"இளைச்சிருக்கான். பாஸ்டெல் கடையில நிக்கிறான். கையெல்லாம் எண்ணெய் சுட்டிருக்கு."

"தனியாவா?"

வால்டெசிர் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்புக் குறிப்புகளை மிகுந்த அக்கறையோடு படிக்கத் தொடங்கினான்.

"இல்லை," என்றாள் நஸீரா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. துணியைக் கிழிக்கும்போது தயங்கினால் நேராகக் கிழியாது என்று அப்பா சொல்வார். "கடை அவளோடது. கர்ப்பமா இருக்கா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பிறந்துடும்."

இவோனி தலையாட்டினாள். ஒரு மாணவன் சரியான பதில் சொன்னால் ஆட்டுவது போல. "நல்லவளா?"

"வாய் அதிகம். அவன் வியர்வையைத் துடைச்சுவிட்டா."

"அவனுக்கு நெத்தியில ரொம்ப வியர்க்கும்," என்றாள் இவோனி. அழுகை வந்தபோது சத்தமில்லாமல் வந்தது. நஸீரா எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றாள். முழங்கையில் காலையில் ஒட்டிய சீஸ் காய்ந்திருந்தது. தொடலாமா என்று யோசித்து, பிறகு தோளில் கை வைத்தாள்.

"நாளைக்கு வக்கீல் வருவார்," என்றான் வால்டெசிர் தீயணைப்புக் குறிப்புகளிடம். கேள்வி மாதிரியும் இல்லாமல், நினைவூட்டல் மாதிரியும் இல்லாமல்.

"வந்தா காபி கொடுத்து அனுப்பறேன். கூழ்த்தட்டைப் படம் எடுத்து டைரக்டருக்கு அனுப்பிட்டு, கீழ என் பேரைப் போடறேன். அவனுக்குப் போன வேலையும் போன பேரும் திரும்பிக் கிடைக்கும். கேக்க ஆள் இருந்தா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வியாபாரக் குடும்பம், டோனா நஸீரா. எனக்கு இதைக் கொஞ்சம் கணக்குத் தீர்த்துச் சொல்லுங்க. குடுவை யார் பேர்ல?"

"உன் பேர்ல மகளே." இத்தனை நேரம் சொன்ன 'நீங்க' எங்கோ விழுந்துவிட்டதை நஸீரா கவனிக்கவில்லை.

"வண்டியில சொன்ன பொய்?"

"அது அவன் பேர்ல. அதை அவன் எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும். அன்னைக்கே நிஜத்தைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் புதுசா ஒரு குடுவை வெச்சிருப்பீங்க. அவ்வளவுதான் செலவு."

"டைரக்டர்கிட்ட சொன்ன பொய்?"

"சொன்னது அவன். பலன் உனக்கு. உன் பேர்லதான் எழுதணும்."

"ஒத்துக்கிட்டான்னு டைரக்டர் சொன்ன அன்னைக்கு நான் வீட்டுக்குப் போனேன். சமையலறையில நின்னுக்கிட்டிருந்தான். நீதான் செஞ்சியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் மூஞ்சியைப் பார்த்து அவனால பொய் சொல்ல முடியாது. நான் கேக்கலே. பெட்டியை எடுத்து வாசல்ல வெச்சேன். அது?"

பேரத்தில் நஸீராவின் குரல் இடறியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை. இப்போது இடறியது. "அதுவும் உன் பேர்லதான்," என்றாள் கடைசியில்.

இவோனி விரல்களை மடக்கினாள். குடுவை ஒன்று, டைரக்டரிடம் சொன்னது ஒன்று, கேட்காத வார்த்தை ஒன்று. எதிர்ப்பக்கம் வண்டியில் சொன்ன அந்த ஒரே பொய். அதற்கு அவன் ஒரு வருஷமாக எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று தீர்த்திருந்தான். அவன் பக்கம் கழித்துக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை; இவோனியின் கையில் மூன்று விரல் மடங்கியே இருந்தது. கொடுக்க அவள் தயாராக இருந்தாள். வாங்கிக்கொள்ள வேண்டியவன் வேறொருத்தியோடு கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டான். பாக்கி மூன்றும் அப்படியே நின்றது, அவள் பேரில்.